மைலேஜ்காரரின் முன்சீட்

தெருவில் அவள் கணவருக்கு மைலேஜ்காரர் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரரே திருதிருவென்று விழிப்பார். மைலேஜ்காரர் வீடு என்றால் குழந்தைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிடும். மற்றவர்கள் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார்கள். அவர் தடவிக்கொடுப்பார், அவ்வளவுதான்.

வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். லென்ஸை மயிரிழை மயிரிழையாகத் தேய்த்து ஃபிரேமில் உட்கார வைக்கிறவர். நாள் முழுக்க அப்படிப் பழகிய கை வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்குமா? காரின் பானெட்டைத் திறந்துவிடும்.

இத்தனைக்கும் காரணம் அவள்தான். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே, "அக்காவைப் போய்ப் பார்க்கணும் போல இருக்குங்க" என்று சொல்லிவிட்டாள். அக்கா வீடு மலைக்கு அந்தப் பக்கம். பஸ் கிடையாது. மலையடிவாரத்தோடு பெட்ரோல் பங்க்கும் முடிந்துவிடும்.

"ஒரே டேங்க்ல போயிட்டுத் திரும்பி வரணும். நடுவழியில நின்னுபோச்சுன்னா உன்னை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? வண்டியை ரெடி பண்றேன், கொஞ்சம் பொறு" என்றார்.

மனைவியின் அக்கா வீட்டுக்குப் போக இவ்வளவு மெனக்கெடுகிற மனுஷன் எங்கே கிடைப்பான்? அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவிடம் போனில் பெருமையடித்தாள். கேனில் கொஞ்சம் பெட்ரோல் எடுத்துப் போகலாமே என்று ஒரு தரம் கேட்டுப் பார்த்தாள். கேனும் எடைதானே என்று சொல்லிவிட்டார்.

முதலில் டயரில் காற்றைக் கல் மாதிரி ஏற்றினார். ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் அவள் தலை கூரையைத் தொட்டு வந்தது. பிறகு இன்ஜினில் இருந்த கெட்டியான ஆயிலை வடித்துவிட்டு மெல்லிய ஆயிலை ஊற்றினார். இரண்டையும் இரண்டு விரலில் தொட்டு வந்து அவள் முகத்துக்கு நேராக நீட்டினார். "பாரு, இது தேன் மாதிரி. இது தண்ணி மாதிரி. இதுல இன்ஜின் வழுக்கிக்கிட்டு ஓடும்." அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தி, இரண்டையும் பார்த்து, ஆமாம் என்றாள். பிறகு கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துவாரத்தைக் கழற்றிவிட்டு, அதைவிடச் சின்னத் துவாரம் ஒன்றை மாட்டினார். கடைசியாக, வண்டி நிற்கும்போது இன்ஜின் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஸ்க்ரூவைத் திருகித் திருகிக் குறைத்தார். சிக்னலில் நின்றால் வண்டி ஓடுகிறதா, அணைந்துவிட்டதா என்று அவருக்கே தெரியாது. பாதி நேரம் அணைந்துதான் இருக்கும்.

முனையில் கடை வைத்திருந்த மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "சார், அதுவும் மூச்சு விடணும் சார். இப்படிப் பட்டினி போட்டு ஓட்டுறீங்களே!"

"வேலை குறைஞ்சுபோச்சுன்னு வயித்தெரிச்சல் அந்தாளுக்கு" என்று வீட்டுக்கு வந்து சிரித்தார் மைலேஜ்காரர்.

அடுத்தது எடை. ஸ்டெப்னி டயர் வீட்டு மூலைக்குப் போனது. ஜாக்கி போனது. பின்சீட்டைக் கழற்றிச் சுவரோரம் போட்டார், அதில் அவள் துவைத்த துணியைக் குவித்தாள். டிக்கியில் கிடந்த அவளுடைய குடைகூடத் தப்பவில்லை. காற்று தடுக்கும் என்பதால் ஜன்னல் கண்ணாடியை இறக்கவும் தடை. வெயில் காலத்தில் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்து போவது போல இருக்கும். அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். அக்கா வீடு கிட்டே வந்துகொண்டிருக்கிறது என்றுதான் நினைத்தாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது அவருக்கு வாயெல்லாம் பல்.

"ஒரு விஷயம் தெரியுமா? நேத்து நீ லீவுல இருந்தே இல்ல? தனியாத்தான் ஓட்டினேன். வண்டி என்னமா குடுத்துச்சு தெரியுமா! நீ இல்லாம போனா அது வேற வண்டி!"

அவளுக்குச் சுருக்கென்றது. கையிலிருந்த கரண்டியைக் குழம்பிலேயே விட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்ச் சும்மா நின்றாள். அவர் இன்னும் அந்தச் சந்தோஷத்தில் இருந்தார்.

மறுநாளிலிருந்து அவள் பஸ்ஸில் போனாள். ஆஸ்பத்திரிக்குப் போர்வையும் தலையணை உறையும் தைத்துக் கொடுக்கும் இடத்தில் அவளுக்கு வேலை. வழக்கமாக அவர்தான் கடைக்குப் போகிற வழியில் இறக்கிவிடுவார். கோபித்துக்கொண்டாள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. "நீயும் இவ்வளவு ஒத்துழைக்கிறே பாரு, வேற யார் பண்ணுவாங்க!" என்று உருகினார். இந்த மனுஷனோடு சண்டை போடவாவது முடியுமா? அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அழுகைதான் கொஞ்சம் கூடுதலாக வந்தது.

அக்கா போனில், "எப்போடி வர்றே?" என்று கேட்பதையும் நிறுத்திவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு மழை நாள் வந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வெளியே வந்தால் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. குடை வீட்டில். வாசல் ஓரமாக ஒண்டி நின்றவளுக்கு முன்னால் அந்தச் சின்னக் கார் வந்து நின்றது.

மழையைப் பார்த்ததும் மனசு கேட்காமல் கடையிலிருந்து சீக்கிரம் கிளம்பி வந்திருக்கிறார்! இரண்டு வருஷத்துப் புழுக்கமும் ஒரே நொடியில் இறங்கிவிட்டது அவளுக்கு. ஓடினாள். அவர் எட்டிக் கதவைத் திறந்துவிட்டு, "ஏறு, ஏறு, நனையாதே" என்றார்.

உள்ளே சீட் இல்லை.

சீட் இருந்த இடத்தில் நாலு போல்ட் ஓட்டையும் ஒரு பழைய மிதியடியும் இருந்தன. காலையில் அவள் பஸ்ஸுக்குப் போன பிறகு கழற்றியிருக்கிறார். கழற்றியதை மறந்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. காலியான இடத்தை அவளைவிட அதிகமாக அவர்தான் வெறித்துப் பார்த்தார்.

"இந்தா... கொஞ்சம் கீழே உக்காந்து..." என்று ஆரம்பித்து, அவரே வாயை மூடிக்கொண்டார்.

அவள் கதவை மெதுவாகச் சாத்தினாள். ஓங்கி அறைந்திருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று உட்கார்ந்தவள் முதல் நிறுத்தத்திலேயே திரும்பிப் பார்த்தாள். பின்னாலேயே கார். பஸ் நின்றதும் அதுவும் நின்றது. நின்றதும் இன்ஜின் அணைந்தது. அவர் சாவியைத் திருக, அது இருமி இருமிக் கிளம்பியது. அடுத்த நிறுத்தத்திலும் அதே கூத்து. பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹார்ன் அடித்துக் காதைக் கிழித்தன.

"பாவம், வண்டி ஓட்டவே தெரியலை போல" என்றாள் பக்கத்தில் காய்கறிப் பையோடு இருந்த பெண்.

"முந்திக்கிட்டுப் போக வேண்டியதுதானே?" என்றார் கண்டக்டர். "எதுக்கு நம்ம வாலைப் பிடிச்சுக்கிட்டே வர்றான் அந்தாளு?"

அவன், இவன் என்றதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. "அவர் என் வீட்டுக்காரர்."

காய்கறிப் பைக்காரி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "வீட்ல சண்டையா?"

"இல்லைங்க. கார்ல சீட் இல்ல."

கண்டக்டர் காரை இன்னொரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு விசில் ஊதினார்.

அடுத்த நிறுத்தத்தில் வேறு சத்தம் கேட்டது. கார் அணையவில்லை, அலறியது. அணைந்து போகாமல் இருக்க ஆக்ஸிலரேட்டரை விடாமல் மிதித்துக்கொண்டு நின்றிருந்தார் அவர். இறக்கத்தில் இன்ஜினையே நிறுத்திவிட்டு உருட்டிக்கொண்டு வருகிற மனுஷன், நின்ற இடத்தில் பெட்ரோலைக் கொளுத்துகிறார்! கண்ணாடியில் மழை வழிந்தது. அதற்குப் பின்னால் அவர் முகம் பரிதாபமாகத் தெரிந்தது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. இறங்கிவிட்டாள்.

நிறுத்தத்துக் கூரைக்கு ஓரமாக வண்டியை விட்டுவிட்டு அவரும் நனைந்துகொண்டே வந்தார்.

"நான் வேணும்னு பண்ணலைம்மா. எல்லாம் உங்க அக்கா வீட்டுக்குப் போகத்தான்..."

"என்னை இறக்கி விட்டுட்டு, என் அக்கா வீட்டுக்கு நீங்க மட்டும் போய் என்ன பண்ணப் போறீங்க?"

இத்தனை கணக்குப் போட்டவருக்கு இந்தக் கேள்வி வந்ததே இல்லை. கண் கலங்கியதா, மழையா என்று தெரியாத மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டு, பானெட்டைத் திறந்து, பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரால், முன்பு குறைத்து வைத்திருந்த அந்த ஸ்க்ரூவைத் திருப்பித் திருகினார். இன்ஜின் தன்பாட்டுக்கு, கணீரென்று, அணையாமல் ஓட ஆரம்பித்தது.

"போய் சீட்டை மாட்டிக்கிட்டு வாங்க. நான் இங்கேயே நிக்கிறேன்" என்றாள்.

மழை விட்ட பிறகுதான் வந்தார். முன்சீட், பின்சீட், ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் இருந்தன. நின்றுபோன மழைக்கு அவளுடைய குடையும் முன்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அதை எடுத்துப் பின்னால் போட்டுவிட்டு அவள் ஏறிக்கொண்டாள்.

அடுத்த விடுமுறை நாளன்று விடிந்ததும் கிளம்பினார்கள். அக்கா போனில் நம்பவே இல்லை. "எந்த வருஷம் வந்து சேருவீங்க?" என்று கேட்டாள். இவள் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டி இன்ஜின் சத்தத்தைக் கேட்க வைத்தாள். அதற்கப்புறம்தான் அக்காவுக்குக் குரல் உடைந்தது.

மலையடிவாரத்துக் கடைசி பங்க்கில் டேங்க்கை நிரப்பிக்கொண்டார்கள். டிக்கியிலிருந்த கேனையும் எடுத்து நிரப்பச் சொன்னார். மைலேஜ் பார்க்க வெறும் வண்டியை இதுவரை எத்தனையோ தடவை அங்கே ஓட்டி வந்திருக்கிறார், பங்க்காரருக்கு ஆள் பழக்கம்.

"சார், இப்போ எவ்வளவு குடுக்குது?"

எப்போதும் புள்ளிக்கு அப்புறம் வரும் எண்ணோடு பதில் தயாராக வைத்திருப்பவர், முன்சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"தெரியலப்பா. இனிமே ரெண்டு பேரா போய்த்தான் பாக்கணும்."

அவள் தன் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டாள். அவர் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கினார்.