ஆன்ஷலுக்கு வெட்டிய குழி

தப்பு என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் யெருகமைப் பற்றிப் பேச வந்து, என்னை நல்லவனாக்கிக்கொண்டு போய்விடுவேன்.

டிசம்பர், வெள்ளிக்கிழமை. மொன்றியலில் மூக்கு நுனி மரத்துப்போகிற குளிர். இறந்தவர்களைக் குளிப்பாட்டி அடக்கம் செய்யும் எங்கள் யூதச் சங்கத்தில் நான் சேர்ந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. அன்று தொலைபேசி என் பொறுப்பு. காலையில் ஒரு பெண் அழுதுகொண்டே, "ஆன்ஷல்... ஹிண்டாவோட பையன்... ஆஸ்பத்திரியில..." என்றாள். மேலே பேச முடியாமல் வைத்துவிட்டாள். நான் உடனே இடுகாட்டைக் கூப்பிட்டு, சாயங்காலம், எந்த வேலையும் செய்யக் கூடாத எங்கள் ஓய்வுநாள் தொடங்குவதற்குள் குழி வெட்டிவிடச் சொன்னேன். அவ்வளவு சுறுசுறுப்பு.

இறந்தவனை அப்பா பெயரோடு சொல்வோம். அம்மா பெயரோடு சொன்னால், ஆள் நோயில் கிடக்கிறான், வேண்டிக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். எங்கள் வீட்டுச் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது. ஹிண்டா பெண் பெயர் என்பது அந்த நிமிஷம் எனக்கு உறைக்கவில்லை.

உடலை எடுத்துவரப் போன யெருகம் ஒன்றரை மணிக்குக் கூப்பிட்டார். ஜன்னல் கண்ணாடி பொருத்துவது அவர் தொழில். முப்பது வருஷமாகச் சாவு விழுந்த வீடுகளுக்கு அவர் வண்டிதான் முதலில் போகும். துக்கம் காப்பவர்கள் உட்காரத் தாழ்வான நாற்காலிகளை இறக்குவார், அவர்களுடைய முதல் சாப்பாட்டுக்குச் சமையலறையில் முட்டை வேகவைப்பார், ஒரு வார்த்தை பேசாமல் ஓரமாக உட்கார்ந்திருப்பார்.

"டேய் ஃபைவெல், உன் பிணம் எழுந்து உட்கார்ந்து சூப் குடிக்குதுடா. உப்பு இல்லைன்னு நர்ஸைத் திட்டுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"குழி வெட்டியாச்சா?"

"ஆச்சு, ரெப் யெருகம்." பெரியவர்களை 'ரெப்' என்று மரியாதையாகக் கூப்பிடுவோம்.

"கிளம்பி வா. இருட்டறதுக்குள்ள மூடணும்," என்றார். ஆளில்லாத குழி இரவில் திறந்து கிடந்தால் ஊரில் ஒருத்தரை எடுத்துக்கொள்ளும் என்பது எங்கள் பயம்.

நாங்கள் இடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது குழி தோண்டும் இயந்திரக்காரன் வீட்டுக்குப் போயிருந்தான். இருட்ட இரண்டு மணி நேரம்கூட இல்லை. மண் குவியலின் மேல்புறம் அதற்குள் இறுகத் தொடங்கியிருந்தது. நான் மண்வெட்டியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"கையில குடுக்காத. மண்ணுல குத்தி வை, எடுத்துக்கறேன்."

"அது அடக்கம் பண்றப்பதானே? இன்னிக்கு யாரையும் புதைக்கலையே."

"அப்படியா?" என்றார்.

எடை தூக்கக் கூடாது என்று டாக்டர் அவருக்குச் சொல்லியிருந்தார். சொன்னால் கேட்கிற ஆளா? "உன் பாட்டி வேகத்துல தள்றியேடா" என்று என்னைக் கிண்டல் செய்துகொண்டே அள்ளிப் போட்டார். பிறகு கிண்டல் நின்றது. முகம் சாம்பல் நிறமானது. ஓய்வுநாள் தொடங்கக் கால் மணி நேரம் இருந்தபோது முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் மிச்சம். அதற்கு மேல் நிற்க முடியாது. குறுக்கே பலகைகளைப் போட்டோம்.

"இது மூடினதாகுமா?" என்று கேட்டேன்.

அவர் பலகையை மிதித்துப் பார்த்தார்.

மறுநாள் தொழுகைக்கூடத்தில், "எந்த மடையன் போனை எடுத்தது?" என்று சங்கத் தலைவர் எல்லார் முன்னாலும் கத்தினார்.

"நான்தான்," என்றார் யெருகம். "காது சரியில்லை. வயசாச்சு."

நான் பிரார்த்தனைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஏணியில் நின்று கண்ணாடி பொருத்தும்போது அவர் இதயம் நின்றுபோனது. தன் தப்புக்குத் தானே போனார் என்று ஊர் பேசியது. ஆன்ஷல் வீடு திரும்பிவிட்டான்.

துக்கத்தின் மூன்றாம் நாள் யெருகமின் மனைவி பிரைண்டல் முன்னால் போய் உட்கார்ந்தேன். துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்காமல் வந்தவர் பேசக் கூடாது. ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் எழுந்து போன பிறகும் பிரைண்டல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை காலைல பூரா அவரு இங்க சமையலறை ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டுட்டு இருந்தாரு," என்றார் கடைசியில். "சங்கத்துப் போனை எடுத்தது யாரு, ஃபைவெல்?"

"நான்தான், அம்மா."

"நாளைக்குத் தொழுகையில எல்லார் முன்னாடியும் சொல்வியா?"

"சொல்றேன்."

தலையசைத்தார். நான் எழுந்து கதவருகே போனபோது மெல்ல அழைத்தார்.

"கொஞ்ச நாளைக்குத் தனியா எங்கயும் போகாதடா. அவரு ஒருத்தரு போனது அந்தக் குழிக்குப் போதுமான்னு யாருக்குத் தெரியும்?"