வியாழனுக்கு உபயம்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் மாயவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். அவனுடைய சிநேகிதன் குழந்தைவேல், வாலிகண்டபுரம் பக்கத்துப் பள்ளியில் சயின்ஸ் வாத்தியார். இருவருக்கும் ஒரே ஊர், படித்ததும் ஒரே பெஞ்சில். குழந்தைவேல் வீட்டு வயலில் மாயவனின் அப்பா கருப்பண்ணன் நாற்பது வருஷம் கூலி வேலை செய்தவர். அதை மறந்துவிட்ட பாவனையில் இருவரும் வாடா போடா என்று பேசிக்கொள்வார்கள், கடைக்குள்ளே மட்டும்.

எழுபத்தெட்டாம் வருஷம் தீபாவளி கழிந்த வாரம் குழந்தைவேல் ஒரு கதையோடு வந்தான். ஏறத்தாழ முந்நூற்றெழுபது வருஷத்துக்கு முன்னால் ஹாலந்தில் லிப்பர்ஷே என்று ஒரு கண்ணாடிக் கடைக்காரன் இருந்தானாம். குழாயில் இரண்டு லென்ஸை வைத்துத் தூரத்தைக் கிட்டே கொண்டுவந்து, சர்க்காரிடம் அதற்கு உரிமை கேட்டிருக்கிறான். எனக்கும் தெரியும் என்று வேறு ஆட்களும் கிளம்பவே, சர்க்கார் கையை விரித்துவிட்டது. சேதி இத்தாலிக்குப் போனது. அங்கே கலிலியோ தாமே லென்ஸ் தேய்த்து, இருபது மடங்கு பெரிதாகக் காட்டும் குழாய் செய்து வானத்தைப் பார்த்தார். நிலாவில் மலை தெரிந்தது. வியாழனுக்கு அருகே நாலு பொட்டுகள் தினம் இடம் மாறி, வியாழனையே சுற்றின. எல்லாம் பூமியைத்தான் சுற்றுகிறது என்று பெரியவர்கள் காலங்காலமாக அடித்துச் சொன்னது அன்றோடு ஆட்டம் கண்டது. அந்த நாலு நிலாக்களுக்கும் ஊரை ஆண்ட பிரபு குடும்பத்தின் பெயரை வைத்தார், அரண்மனை உத்தியோகமும் கிடைத்தது.

நம்ம கோயில் டியூப்லைட்டில் உபயம் என்று வெளிச்சத்தை மறைத்து எழுதுகிற மாதிரி என்றான் மாயவன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"கண்ணாடிக் கடைக்காரனை ஒரு பயலும் நெனக்கிறதில்லடா," என்றான் குழந்தைவேல். "நாம ஒண்ணு செய்வோம். அதுல உன் பேரு இருக்கும்."

இந்த ஒரு வாக்கு மாயவனை மூன்று மாதம் ஆட்டிவைத்தது. தகரக் குழாயின் முன்பக்கம் ப்ளஸ் ஒன் பவர் லென்ஸ். கண் வைக்கும் பக்கம், கண்புரை ஆபரேஷன் செய்தவர்கள் போடும் தடித்த லென்ஸ் இரண்டு. பார்த்தால் எல்லாம் கலங்கலாக, ஓரத்தில் சாயம் பூசிக்கொண்டு தெரிந்தது. மண்டையைக் குடைந்து, கடைசியில் நடுவில் ஓட்டை போட்ட கறுப்பு அட்டையை முன் லென்ஸின் மேல் ஒட்டிப் பார்த்தான். வெளிச்சம் குறைந்தது, ஆனால் உருவம் தெளிந்துவிட்டது. கலிலியோவும் இப்படித்தான் ஓரத்தை மறைத்தார் என்று குழந்தைவேல் அவனைக் கட்டிக்கொண்டான். மாயவனின் மனைவி இருசம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பெயருக்கு முன்னால் மாமனாரின் இனிஷியலையும் மறக்காமல் எழுதச் சொல்ல வேண்டும். அந்த ஊரில் கருப்பண்ணனின் பெயரை யாரும் எதிலும் எழுதியதில்லை.

மாசி மாதம் ஒரு சாயங்காலம் பள்ளி மைதானத்தில் திறப்பு விழா. இரும்பு ஸ்டாண்டு வாங்கித் தந்த ரைஸ்மில் முத்துசாமிக்கு மாலை போட்டார்கள். துணியை விலக்கியதும் குழாயில் சிவப்புப் பெயிண்ட் பளிச்சென்று தெரிந்தது: உபயம், ரைஸ்மில் அதிபர் முத்துசாமி. உருவாக்கம், பெ. குழந்தைவேல், பி.எஸ்ஸி., பி.எட். இருசம்மாள் அதை இரண்டு தடவை படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

கூட வந்திருந்த கருப்பண்ணனுக்குப் படிக்கத் தெரியாது. "நம்ம பேரு எங்கடா இருக்கு?" என்றார்.

"அந்தப் பக்கம் இருக்குப்பா," என்றான் மாயவன்.

இருட்டியதும் வியாழனைப் பார்க்க மில்லுக்காரர் கண்ணை வைத்தார், ஒன்றும் தெரியவில்லை. குழந்தைவேல் குழாயை இப்படியும் அப்படியும் திருகிவிட்டு, கூட்டத்தில் நின்ற மாயவனை விரலால் கூப்பிட்டான். "எங்க வயல்ல வேலை பாத்த கருப்பண்ணன் மகனுங்க. கண்ணாடி மாட்டுவான்," என்று மில்லுக்காரரிடம் சொன்னான். மாயவன் வந்து சரிசெய்து கொடுத்தான். நாலு பொட்டும் வரிசையாகத் தெரிந்தன. எல்லோரும் குழந்தைவேலின் கையைக் குலுக்கினார்கள்.

மறுநாள் கடை திறந்த கையோடு குழந்தைவேல் வந்து நின்றான். மில்லுக்காரர் ஒரு மாதிரியான ஆள், ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், அடுத்த குழாயில் பார்த்துக்கொள்ளலாம் என்று மூச்சுவிடாமல் பேசினான். மாயவன் லென்ஸ் தேய்க்கும் சாணைக்கல்லை நிறுத்தினான்.

"என் பேரு வேணாம்னு அவரு சொன்னாரா?"

குழந்தைவேல் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டான். "இல்லடா. யாரும் சொல்லல. நானாத்தான் உன் பேர எடுத்துட்டேன்."

"அவரு சொல்லியிருந்தா, இப்ப ரெண்டு பேருமா உக்காந்து அவரைத் திட்டியிருப்போம்," என்றான் மாயவன். "இனிமே நான் யாருகிட்டடா போயி அழுவறது?"