முதல் பக்கத்தில் விமல்

காலை ஐந்தரைக்கே எங்கள் கட்டைவிரல்கள் தேய ஆரம்பித்துவிடும். கூடலூர் பஜாருக்குப் பின்னால், ஒரு காலத்தில் மிளகு மூட்டை அடுக்கிய கிட்டங்கியின் மாடி. ஜன்னலைத் திறக்கக் கூடாது. ஆளுக்கொரு மேசை, மேசைக்கொரு இரும்புச் சட்டம், அதில் பத்துப் போன்கள். இருபது பேர், இருநூறு போன். மசினகுடியில் தங்க இடம் தேடுகிறவர்களைப் போல நாங்கள் நடிக்க வேண்டும். தேடு. பட்டியலில் எங்களுக்குப் பணம் கொடுத்த ரிசார்ட்டைக் கண்டுபிடி. திற, இரண்டு நிமிஷம் மேலும் கீழும் தள்ளு, மூடு. ஃப்ளைட் மோடு போட்டு எடு, அப்போதுதான் அது வேறொரு ஆளின் போனாகத் தெரியும். மறுபடி தேடு. திறக்கத் திறக்க அந்தப் பெயர் மேலே ஏறும். வெளியே பனி கொட்டும். உள்ளே போன்களின் வெக்கையில் எங்கள் முதுகு நனையும்.

"இதுக்குக் கொழுந்து பறிச்சதே தேவலைங்க ஞானக்கா. அங்க அட்டைதான் கடிக்கும்" என்பாள் என்னிடம், முன்பு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த பங்கஜம்.

கடிக்க இங்கே முதலாளி வெற்றிச்செல்வன் இருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்ததும் வராததுமாகச் சொன்னார்: "மூங்கில் நிழல் ரிசார்ட்டுன்னு தட்டினா மூணாவதா ஒரு நியூஸ் வருது. அது ரெண்டாம் பக்கத்துக்குப் போகணும். அங்க எவனும் போய்ப் பாக்கறதில்ல. புதைச்ச மாதிரிதான்."

எந்தச் செய்தி என்று எங்களுக்குத் தெரியும். அந்த ரிசார்ட்டின் தோட்டக்காரன் விமல், இருபத்துநாலு வயது, விடியலில் வேலிக்கம்பியைத் தொட்டுச் செத்தான். திருட்டுத்தனமாகக் கரண்டு கொடுத்த கம்பி. உடம்பைக் காட்டோரம் இழுத்துப் போட்டு, யானை அடித்தது என்றார்கள். ஒரே ஒரு சின்னச் செய்தித் தளம்தான் கருகிய உள்ளங்கையைப் பற்றி எழுதியது. அவனுக்காக இந்த உலகத்தில் இருந்த சாட்சி அது ஒன்றுதான்.

விமலின் அக்கா ரேணுகா என் பக்கத்து மேசை. கருமாதி முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

"சார், அது என்ற தம்பிங்க" என்றாள்.

"தெரியும். அதுக்குன்னு கிளையண்ட விட முடியுமா? அழுகறத ஊட்ல வெச்சுக்க. இங்க விரல் ஓடணும்."

மறைக்க மாட்டேன், நாலு நாள் நாங்களும் அந்த வேலையைச் செய்தோம். எங்களில் கட்டுரை எழுதுகிற சில்வஸ்டர், 'மூங்கில் நிழலில் மறக்க முடியாத மூன்று நாள்' என்று விதவிதமாக எழுதி அறுபது தளங்களில் போட்டான். அவற்றைத் திறந்து திறந்து மேலே ஏற்றினோம். எங்கள் பிழைப்பில் மண் விழ!

சனிக்கிழமை பார்த்தால் அந்தச் செய்தி முதலிடத்தில் நிற்கிறது.

முதலாளி ஒவ்வொரு போனாகப் பிடுங்கிப் பார்த்தார். ரேணுகாவின் பத்துப் போனிலும் விமல். ஜீப்பிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டிச் சிரிக்கிற படம்.

"நூத்திப் பதினேழு தடவ தொறந்திருக்க! தொறந்தா ஏறும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க சார். ஆனா எங்க ஊட்ல அவன் போட்டோ ஒண்ணுகூட இல்லீங்க. அவன் போனையும் ரிசார்ட்ல தர்ல. மூஞ்சி மறந்துருமோன்னு பயமா இருந்துச்சுங்க. ஒரே ஒருக்கா பாத்துட்டு மூடிரலாம்னுதான், ஒவ்வொரு தடவையும்..."

அவள் முடிக்கவில்லை. முதலாளி அவள் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, விரல்களை இரும்பு மேசை டிராயருக்குள் திணித்து, பூட்ஸ் காலால் டிராயரை எட்டி உதைத்தார். ஒருமுறை. மறுபடியும். தேயிலைச் செடியில் கவாத்து வெட்டிய காய்ந்த மிலாறுக் குச்சி ஒடிகிற மாதிரி சத்தம் கேட்டது. ரேணுகாவின் அலறலில் எனக்குக் காது அடைத்துவிட்டது.

நான் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தேன். போன் சட்டத்தைத் தூக்கி என் நெற்றியில் அடித்தார். சில்வஸ்டர் குறுக்கே வந்தான். அவன் மூக்கு உடைந்து ரத்தம் போன் திரைகளில் தெறித்தது.

"போலீசுக்குப் போனா ஒருத்தரும் இந்த ஊர்ல பொழைக்க முடியாது. உக்காருங்க எல்லாரும்! சாயங்காலத்துக்குள்ள அது எறங்கணும்."

எல்லோரும் உட்கார்ந்தார்கள். பங்கஜம்கூடப் போனை எடுத்துவிட்டாளே!

அவள் தட்டினாள். தேடினாள். பிறகு போனை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தாள். அதில் விமல் சிரித்தான். அடுத்த மேசையிலும் விமல். அதற்கடுத்த மேசையிலும். அவர் கைக்குக் கிடைத்ததையெல்லாம் தரையில் அடித்தார், மிதித்தார். இருநூறு போனை ஒரு மனிதன் எப்படி மிதித்து முடிப்பது? ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார். லைட்தான் போனது, போன்கள் அணையவில்லை. ஒவ்வொரு போனுக்கும் தனித்தனி சிம் வாங்கிப் போட்டவரும் அவர்தான். இருட்டில் விமலின் முகம் மட்டும் வெளிச்சமாக இருந்தது.

"உங்க போன் எங்களுக்கு வேண்டாங்க சார். எங்ககிட்ட ஆளுக்கு ஒண்ணு இருக்குது" என்று பங்கஜம் எழுந்தாள். இருபது பேரும் படியிறங்கினோம்.

ரேணுகாவை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்கில் துணியை அழுத்திக்கொண்டே சில்வஸ்டர் சொன்னான்: "நாம மட்டும் தட்டினா அந்தச் செய்தி மேல நிக்காதுங்க. நெச ஆளுங்க படிக்கணும். அறுபது தளத்துக்கும் பாஸ்வேர்ட் என்கிட்டதான் இருக்கு. எழுதின பொய்யெல்லாம் அழிச்சிட்டு, அத்தனையிலயும் இந்தச் செய்திக்கு லிங்க் வெக்கிறேன்." பங்கஜம் திருப்பூர் மில்லில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கும் பந்தலூர் தேயிலைத் தோட்ட லயங்களில் குடியிருப்பவர்களுக்கும் போன் மேல் போன் போட்டாள்: "ரிசார்ட் பேரத் தேடு. முழுசாப் படி. படிச்சிட்டு நாலு பேருக்குச் சொல்லு."

மத்தியானம் போலீஸ் ஸ்டேஷனில் புகாரை வாங்காமல் நாளைக்கு வரச் சொன்னார்கள். அப்படியானால் இருபது பேரும் வருகிறோம், அதுவரை கிட்டங்கிப் படியை மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆஸ்பத்திரி கேட்டில் முதலாளியின் ஆட்கள் இரண்டு பேர் இரும்புக் கம்பியோடு நின்றார்கள். அவர்களைத் தாண்டி உள்ளே போனேன்.

ரேணுகா கண் திறந்தாள். வலது கை முழுக்கக் கட்டு. "எத்தனாவதுல இருக்குதுங்க அக்கா?"

"நாலாவதுக்கு எறக்கிட்டாங்க. பெங்களூர் ஆளுகள வெச்சுத் தள்றாங்களாம்."

"என்ற போனக் குடுங்க."

இடது கட்டைவிரல் பழக்கமில்லாமல் தடுமாறியது. தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தாள். திரையில் தம்பி வந்தான். இந்தத் தடவை அவள் மூடவில்லை.

"சத்தமாப் படிங்க அக்கா."

கட்டிலைச் சுற்றி நின்ற எல்லோரும் அந்தச் செய்தியைத் திறந்தோம். நான் படித்தேன். கரண்டுக் கம்பி, கருகிய கை, இழுத்துப் போட்ட உடம்பு. அடுத்த கட்டில் மலையாளத்து அம்மாள் தலையணைக்கடியில் துழாவித் தன் போனை எடுத்தாள்.

"ஆ ரிசார்ட்டின்டெ பேரு எந்தா மோளே?" என்று பெயரைக் கேட்டாள்.

ரேணுகா எழுந்து உட்கார்ந்து, வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.