புது சைலன்சர்

"கெட்டியாப் பிடி பாப்பா. அசையக் கூடாது."

ஏர் ரைஃபிளின் குழல் மேசை இடுக்கியில் இறுகியிருந்தது. முப்பத்தாறு வயதுப் பாப்பா அதன் மரக்கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்பா, அம்மாவின் ஹேர் டிரையரால் குழல் முனையைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். கம்பெனியிலேயே பசை போட்டு ஒட்டிய சைலன்சர். சூடு ஏறினால்தான் கழலும்.

"அம்மாவப் பத்தி டாக்டர் சொன்னதக் கேட்டீங்கல்ல? இன்னிக்கோ நாளைக்கோன்னாரு. இப்பப் போய் இது எதுக்குப்பா?"

"அவளுக்காகத்தான். நேத்து சுடறப்ப ஜன்னல் வழியாப் பாத்தேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவ விரல் துள்ளுது. திடுக்கிடறா, பாவம்."

"அப்ப சுடாம இருங்க."

அவர் ஹேர் டிரையரை இன்னும் நெருக்கிப் பிடித்தார்.

லேத் பட்டறையில் முப்பத்தோரு வருஷம் நின்றே வேலை பார்த்தவர். அந்தக் காலத்திலிருந்தே தினம் சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் தகர மூடிகளைத் தொங்கவிட்டுப் பத்துத் தடவை சுடுவார். ஒன்பதும் இல்லை, பதினொன்றும் இல்லை. அம்மா படுக்கையில் விழுந்ததிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதவுக் கீலுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். ஒழுகாத குழாயைக் கழற்றி மாட்டினார். அம்மாவின் அறைக்கு வந்தால் நின்றபடியே "ஏதாவது வேணுமா?" என்பார். பதில் வருவதற்குள் போய்விடுவார். அந்தக் கட்டிலருகே அவர் உட்கார்ந்து மகள் பார்த்ததில்லை.

பழைய சைலன்சர் டக்கென்று கழன்றது. உள்ளே இருந்த பஞ்சு பொடிப்பொடியாக மேசையில் உதிர்ந்தது.

"பாத்தியா? ஒண்ணுமில்ல உள்ள. சும்மா பேருக்கு மாட்டி வச்சிருக்கான்."

புதியதைத் திருகினார். மரை ஏறுமாறாகப் பிடித்தது. கழற்றினார், துடைத்தார், மறுபடி திருகினார். நூலிழை அளவு வேலையை விரலாலேயே உணர்ந்து செய்தவர். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

அம்மா விழித்திருந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருஷம் காதே பிழைப்பாக இருந்தவள். இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. காது மட்டும் மிச்சம்.

"உங்கப்பா எங்க?"

"பின்னாடி இருக்காரும்மா."

வெளியே தலையணையைத் தட்டியதுபோல் மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. வேலை பலித்துவிட்டது என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

"இன்னும் ஆரம்பிக்கலையா அவரு?"

"ஆரம்பிச்சிட்டாரே. ரெண்டு ஆச்சு."

"எனக்குக் கேக்கலையே." அம்மாவின் விரல்கள் போர்வையைத் துழாவின. "மேலுக்கு முடியலையா அவருக்கு? ஒளிக்காம சொல்லு."

"நல்லாத்தான் இருக்காரு. உனக்குத் தொந்தரவா இருக்குன்னு சத்தத்தக் குறைச்சிருக்காரு."

"எனக்கா?" மூச்சு வாங்கியது. நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "எண்ணிட்டு இருப்பேன்டி. தினமும். பத்து ஆச்சுன்னா... சரி, ஆளு உள்ள வந்துடுவாருன்னு."

மகள் போர்வை மேலிருந்த அந்த விரல்களைப் பார்த்தாள். பிறகு செருப்புக்கூடப் போடாமல் பின்பக்கம் ஓடினாள்.

அப்பா அடுத்த குண்டுக்காகக் குழலை மடக்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அதக் கழட்டுங்க."

"ஏன், இதுவும் கேக்குதா?"

"கேக்கல. அதான். அம்மா திடுக்கிடலப்பா. எண்ணிட்டு இருந்திருக்கா."

அவர் அவளையே பார்த்தபடி நின்றார். திரும்பிக்கொண்டு, பத்து நிமிஷத்துக்கு முன் மாட்டியதைக் கழற்ற ஆரம்பித்தார்.

"போய் அவகிட்ட உக்காரு. முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறேன்னு சொல்லு."

மகள் வந்து சொன்னாள். அம்மா தலையசைத்தாள்.

வெறும் குழலின் சத்தம் சுவரில் மோதி அறைக்குள் வந்தது. போர்வை மேல் சுண்டுவிரல் எழுந்து தாழ்ந்தது. ஒன்று. அடுத்ததற்கு மோதிர விரல். மகளும் உதட்டுக்குள் எண்ணினாள். நாலு. ஐந்து. ஆறுக்கு விரல் பாதிதான் எழுந்தது.

ஏழாவது சத்தத்துக்கு எழவில்லை.

மகள் குனிந்து அம்மாவின் மூக்கருகே கன்னத்தை வைத்துப் பார்த்தாள். மூச்சுக்காற்று படவில்லை. எட்டாவது கேட்டது. அப்பாவைக் கூப்பிட எழுந்தாள். வாசற்படி வரை போனாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஒன்பது.

பத்தாவதற்கு வெகுநேரம் ஆனது.

அப்பா வந்து கதவருகே நின்றார்.

"எண்ணினாளா?"

"எண்ணினா."

"பத்தும்?"

"பத்தும்."

அவர் கட்டிலைப் பார்த்தார். மகள் எழுந்து நாற்காலியை விட்டு விலகினாள். அவர் அதில் உட்கார்ந்து, வெள்ளைப் போர்வையில் படாதபடி, எண்ணெய்க் கறை படிந்த இரண்டு உள்ளங்கைகளையும் மேல் நோக்கி முழங்கால்களின் மேல் வைத்துக்கொண்டார்.