வேறு கம்பெனி அபட்மென்ட்

அண்ணி கணக்கு டீச்சர். படியில் சறுக்கி விழுந்ததில் கோரைப்பல்லுக்கு அடுத்த பல் போய்விட்டது. நாத்தனாரே பல் டாக்டராக இருக்கும்போது வேறு எங்கே போவாள்?

டாக்டர் மேல்தாடை எலும்பில் இம்பிளான்ட் என்கிற திருகைப் பதித்து, எலும்பு பிடிக்க நான்கு மாதம் விட்டாள். அடுத்து அபட்மென்ட். உள்ளே பதித்ததையும் மேலே வைக்கிற பல்லையும் இணைக்கிற சின்ன உலோகத் துண்டு அது. அதே கம்பெனியுடையது வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள்.

"திங்கட்கிழமை ஸ்கூல் திறக்குது. இந்த ஓட்டையோட போனா பசங்க போர்டையா பாப்பாங்க?" என்றாள் அண்ணி.

இழுப்பறையில் வேறு கம்பெனி அபட்மென்ட் ஒன்று கிடந்தது. டாக்டர் அதை வைத்துப் பார்த்தாள். சரியாக உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. எக்ஸ்ரே எடுக்காமலே அதை முடுக்கி, இரண்டே நாளில் பல்லையும் பொருத்திவிட்டாள்.

இரண்டு மாதத்தில் பல் ஆடியது.

"வறுத்த கடலையைக் கடிச்சிட்டேன். என் தப்புதான்," என்றாள் அண்ணி.

டாக்டர் அதை மறுபடி முடுக்கினாள். வேறு கம்பெனி சாமான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் வாயில் வந்தது, "பாத்து சாப்பிடுங்க அண்ணி."

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் சாப்பாடு. அண்ணி ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொண்டிருந்தாள். "தங்கச்சி பாடுபட்டு வச்சுக் குடுத்த பல்லு. நாக்கை அடக்க முடியலையா உனக்கு?" என்றான் அண்ணன். எதிரே உட்கார்ந்திருந்த டாக்டர் தட்டைப் பார்த்துச் சோற்றைப் பிசைந்தாள்.

மறுபடி ஆடியபோது ஈறில் ரத்தமும் வந்தது. இந்த முறை எக்ஸ்ரே எடுத்தாள். இம்பிளான்ட்டுக்கும் அபட்மென்ட்டுக்கும் நடுவே மயிரிழை மாதிரி ஒரு கருப்புக் கோடு. சுற்றிலும் எலும்பு கொஞ்சம் கரைந்திருந்தது.

நாற்காலியில் இருந்த அண்ணி பயந்துபோய், "சத்தியமா எதையும் கடிக்கலை. ஆப்பிளைக்கூடத் துருவித்தான் திங்கறேன்," என்றாள்.

டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றினாள். "தப்பு உங்க மேல இல்ல அண்ணி. பொருந்தாத சாமானை வச்சிட்டேன். பல்லு முதல்ல ஆடினப்பவே எனக்கு சந்தேகம் வந்துச்சு."

அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "பல்லு கிடக்கட்டும். உங்க அண்ணன் என்னைத் திட்டினப்ப எதிர்லதானே உக்காந்திருந்தே?" என்று கேட்டாள்.

டாக்டர் முகக்கவசத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவர்கிட்ட நீயே வந்து சொல்லு." எழுந்தவள் வாசலில் நின்றாள். "இந்த மாதிரி வேற யாருக்காவது வச்சிருக்கியா?"

"ரெண்டு பேருக்கு."

"அவங்களும் ஊறவச்சுதான் திங்கறாங்களா?"

அன்று சாயங்காலமே டாக்டர் போய்ச் சொன்னாள். அண்ணன் முதலில் விளையாட்டு என்று சிரித்தான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு சமையலறைப் பக்கம் போனான்.

சரியான அபட்மென்ட் வந்ததும் மாற்றினாள். எக்ஸ்ரேயில் இடைவெளி இல்லை. ஈறு மட்டும் கொஞ்சம் ஏறிவிட்டதால், அண்ணி வாய்விட்டுச் சிரித்தால் சாம்பல் நிறத்தில் ஓர் உலோக விளிம்பு தெரியும். சரிசெய்து தருகிறேன் என்றதற்கு, "இப்போதைக்கு உன் கை என் வாய்ப்பக்கம் வரவேண்டாம்," என்றுவிட்டாள் அண்ணி.

டாக்டர் பழைய கோப்புகளைத் தேடி எடுத்து, அந்த இருவரில் ஒருவரான தையல்காரருக்கு ஃபோன் செய்தாள்.

"பல்லு நல்லாத்தானே இருக்கும்மா?" என்றார் அவர்.

"இல்லைங்க. நீங்க ஒரு தடவை வரணும். நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."