எல்லாருக்கும் ஒரே சுழி

நீடித்த வளர்ச்சியில் சமூகம், கல்வி, பண்பாடு ஆகிய மூன்றின் பங்கையும் நேரில் கண்டு உலகுக்கு உரைக்கும் பொருட்டு, மூவர் கொண்ட உயர்மட்டக் குழு ஒன்று, ஒரு கார், ஒரு கேமரா, ஒரு ஃபிளாஸ்க் சகிதம் எங்கள் குடியிருப்பின் பழைய பம்பு அறைக்கு எழுந்தருளியது.

அங்கேதான் டீச்சர் சாயங்கால வகுப்பு நடத்துகிறார். குடியிருப்பின் குடிதண்ணீர்த் தொட்டியைப் பெண்களே முறைவைத்துக் கழுவி மருந்து போடுகிறார்கள். பொட்டலத்தில் எத்தனை கரண்டி என்று போட்டிருப்பதைப் படிக்கத் தெரியாமல் ஒருமுறை அள்ளிக் கொட்டியதில், பாதித் தெரு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. அப்போது ஆரம்பித்த வகுப்பு. அடுத்த முறை இஸ்திரி அக்காவுடையது. அவர் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. குழு சரி என்றால் வகுப்பு நடக்கும். இல்லையென்றால் அறைக்குப் பூட்டு.

குழுத் தலைவர் பண்பாட்டைப் பற்றிப் பத்து நிமிடம் பேசி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். புரட்டிய கை நின்றது.

"என்னம்மா இது? இருபத்திரண்டு கையெழுத்தும் ஒரே கை!"

எல்லாப் பெயரிலும் கடைசி எழுத்தின் வால் கீழே இறங்கி, ஒரு சுழி சுழித்து, அடியில் இரண்டு புள்ளி.

"நான் அப்படித்தான் எழுதுவேன் சார். போர்டுல அவங்கவங்க பேரை எழுதிப் போடுவேன். சுழியும் பேர்ல சேர்த்தின்னு நெனச்சுட்டாங்க."

"யார் காதுல பூ சுத்தறீங்க?" தலைவர் உதவியாளரிடம் திரும்பினார். "போலிப் பதிவேடு. எழுதிக்கோங்க."

"நீங்க எழுதறதுக்கு முன்னாடி எங்களை எழுதச் சொல்லிப் பாருங்களேன்," என்றார் தையல்கார அக்கா.

தலைவரின் பார்வை பெஞ்சு பெஞ்சாக மேய்ந்து, கடைசியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த இஸ்திரி அக்காவின் மேல் நின்றது.

"நீங்க வாங்க."

"அவங்க சேர்ந்து மூணு வாரம்தான் சார்," என்றார் டீச்சர்.

நாளெல்லாம் இஸ்திரிப் பெட்டியைத் தள்ளுகிற கை, பேனாவையும் அதே முழுப்பிடியாகப் பிடித்தது. முதல் எழுத்து விழுந்தது. இரண்டாவது பாதியில் நின்றது. கேமரா கிட்டே வந்தது.

"காலர் மாதிரி வளைச்சு விடுக்கா," தையல்கார அக்கா கிசுகிசுத்தார்.

"யாரும் சொல்லித்தரக் கூடாது!" தலைவர் மேஜைமேல் கவிந்தார்.

"தொப்பையைக் கொஞ்சம் உள்ள இழுங்க சார். வெளிச்சம் மறைக்குது," என்றார் இஸ்திரி அக்கா, நிமிராமலே.

மூன்றாவது எழுத்து. நான்காவது. வால். சுழி. ஒரு புள்ளி. பேனா அந்தரத்தில் தயங்கியது.

இன்னொரு புள்ளி.

தலைவர் தாளையும் பதிவேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அசல்தான்," என்றார், எதையோ பறிகொடுத்தவர்போல.

பத்தாம் நாள் உத்தரவு வந்தது. பயனாளிகள் அனைவரும் கையெழுத்திடக் கற்று, இலக்கு முழுமையாக எட்டப்பட்டுவிட்டபடியால், வகுப்பு இனிதே நிறைவடைகிறது. அறை, நீடித்த வளர்ச்சிக்கான மக்கள் பங்கேற்பு மையத்துக்கு ஒதுக்கப்படுகிறது. படித்து அறிந்துகொண்டதாக எல்லாரும் கீழே கையெழுத்திட வேண்டும்.

இஸ்திரி அக்கா முதல் ஆளாகப் போட்டார். சுழி கச்சிதமாக விழுந்தது.

"இதுல என்ன டீச்சர் எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

அவருக்குத் தன் பெயரைத் தவிர வேறெதுவும் படிக்க வராது. திங்கட்கிழமை தொட்டிக்கு மருந்து போடுவது அவர் முறை.