கூடத்துக் கூரையின் இருமல்

2007ஆம் ஆண்டு ஆடி மாதம், மண்டபத்தூரில் மத்தி மலிந்து கிடந்த ஒரு காலையில், தையல்நாயகி வீட்டுக் கூடத்தின் உள்கூரை இருமியது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. மீன்கூடையைத் தூக்கப் போனவள் அப்படியே நின்றாள். நான்கு வருடத்துக்கு முன் செத்துப்போன அவள் புருஷன் தர்மலிங்கத்தின் இருமல், அச்சு அசல். ஊரார் வந்து கேட்டார்கள், ஆமாம் அவர்தான் என்றார்கள், ஏலத்துக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினார்கள்.

அந்த வீடு ஒரு காலத்தில் ஐஸ் கம்பெனி ஆபீஸ். ஓட்டுக்குக் கீழே சாம்பல் நிறப் பலகைகளை அடித்து மறைத்திருந்தார்கள். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்கும் முன் தர்மலிங்கம் கம்பி பிரஷ்ஷால் கூடத்துப் பலகைகளைத் தண்ணீர் தொடாமல் தேய்த்து, மாவு மில்லிலிருந்து வருகிறவரைப் போல இறங்கி வருவார். சுத்தத்தில் மனிதர் அவ்வளவு பிடிவாதம். பீடியே தொடாதவருக்கு நெஞ்சு கெட்டபோது, டாக்டர் பீடியை விடச் சொன்னார்.

இருமலோடு குடித்தனம் நடத்துவதில் தையல்நாயகிக்கு ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் துணையாக இருந்தது. ஆனால் ஆவணியில் மகள் ஜெயப்ரியாவுக்கு வளைகாப்பு முடிந்தது, தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். மனைவியைக் கொண்டுவந்து விட்ட மாப்பிள்ளை புகழேந்தி கட்டட ஓவர்சீயர். வந்ததும் அண்ணாந்து பார்த்தார்.

“இது ஆஸ்பெஸ்டாஸா இருந்தா, அதோட தூசு நெஞ்ச அரிச்சுடும், பச்சப்புள்ளைய இங்க போட முடியாதுங்க அத்தை.”

“பாத்தாத் தெரியாதா மாப்ள?”

“கண்ணால பாத்துச் சொல்ல முடியாதுங்க. சோதிச்சாத்தான்.”

கூடத்திலும் அடுப்படியிலும் பலகை மூலையைத் தண்ணீரால் நனைத்து, நகக்கண் அளவு நறுக்கி, தனித்தனி உறையில் போட்டு ஒட்டி, சென்னை ஆய்வகத்துக்கு அனுப்பினார். அடுப்படிப் பலகை வெறும் சுண்ணாம்பு அட்டை. கூடத்துப் பலகை ஆஸ்பெஸ்டாஸ் என்று முடிவு வந்தது. கூடம் மட்டும்தான் இருமும் என்பதை ஆய்வகத்துக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அன்று முழுக்க அவள் அடுப்பு மூட்டவில்லை. போன புருஷனை இன்னொரு தரம் அனுப்புவதென்றால் லேசுப்பட்ட காரியமா? மறுநாள், “எடுத்துடுங்க மாப்ள. ஒடைக்காம எடுங்க,” என்றாள்.

முகமூடி போட்ட ஆட்கள் வந்து, பலகைகளை நனைத்து, முழுசு முழுசாக இறக்கி, இரட்டை பாலிதீனில் சுற்றி, வரிச்சிக்குடி போகும் வழியில் அனுமதி வாங்கிய பள்ளத்தில் புதைத்தார்கள். வழியெல்லாம் மூட்டை இருமியது. டிரைவர் பள்ளம் மேடு பார்த்து மெதுவாக ஓட்டினார்.

கார்த்திகையில் பேரன் பிறந்தான். தை மாதம் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பள்ளத்துப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றாள் தையல்நாயகி. மண்ணுக்குள்ளிருந்து இரண்டு குட்டை, ஒரு நெட்டை. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி பஸ் வருகிறதா என்று பார்த்தார்கள்.

“மெதுவா இருமுங்க,” என்றாள் தரையைப் பார்த்து. “புள்ள இப்பத்தான் கண்ணசந்தான்.”

பஸ் அரை மணி தாமதம். அதுவரை மண் இருமவில்லை.